தொம் உட்காரும் சதுரம்

“டீச்சர், என் தொம் காணவில்லை” என்றார் சீடர்.

குரு நிமிரவில்லை. மிருதங்கத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க வெச்சீங்க?”

“எழுதி வைத்தேன். பெட்டியாகிவிட்டது.”

“சரி, உட்காருங்க. இருக்கிறதைச் சொல்லுங்க.”

சீடர் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து புத்தகம் படிக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குரு தொடையில் தாளம் போட்டார்.

“தா. தீ.”

சீடரின் வாய் மூடியது. ஒரு தட்டு சும்மா கடந்தது.

“நம்.”

மறுபடியும்.

“தா. தீ.”

சும்மா.

“நம்.”

“சார் கார்வை விடறாருக்கா” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மெடில்டா. தாளத்துக்குள் வேண்டுமென்றே விடும் மௌனத்துக்குக் கார்வை என்று பெயர்.

“கார்வை இல்லை” என்றார் சீடர். “அங்கே தொம்.”

“தொம்னு தெரியுதில்ல? அப்ப சொல்ல வேண்டியதுதானே சார்?”

“தெரியும். ஆனால் பெட்டியைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்கிறது.”

“பெட்டியைப் பார்க்காதீங்க.”

“மூன்று மாதம் கம்பெனி பஸ்ஸில் இதைப் பார்த்துத்தான் படித்தேன். இப்போது கண்ணை மூடினாலும் பெட்டி தெரிகிறது.”

மெடில்டா சிரித்தாள். சீடர் சிரிக்கவில்லை.


ஒரகடத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் அந்த வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். மில் ஓடும்போது தரை லேசாக அதிரும். ஜன்னல் விளிம்பில் எப்போதும் மெல்லிய மாவு படிந்திருக்கும்.

குருவின் பெயர் அருள்மங்கை. வயது முப்பத்தொன்று.

சீடரின் பெயர் தாக். வயது ஐம்பத்தெட்டு. கொரியாக்காரர். புத்தகம் பார்த்துத் தமிழ் கற்றவர். பக்கத்துத் தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் வேலை. அதே கம்பெனியில் மெடில்டா மொழிபெயர்ப்பாளர். அவள்தான் அவரை முதலில் அழைத்து வந்தாள்.

முதல் நாள் குரு கேட்டார்: “பேர் என்ன சார்?”

“தாக்.”

“பாடம் அப்புறம். பேரைச் சொல்லுங்க.”

“பேர்தான் தாக்.”

அன்று வகுப்பே சிரித்தது. மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் வாயால் சொல்ல ஒரு சொல் உண்டு. இந்த மனிதர் பெயரையே சொல்லாக வைத்துக்கொண்டு மாடியேறி வந்திருந்தார்.

“எதுக்குக் கத்துக்கணும்?”

சீடர் மார்பின் நடுவில் கை வைத்தார்.

“ஆயுத பூஜை அன்று கம்பெனியில் ஒருவர் வாசித்தார். எல்லாச் சத்தமும் காதுக்கு வந்தது. ஒரு சத்தம் மட்டும் இங்கே வந்தது. அது என்ன?”

குரு மிருதங்கத்தின் இடது பக்கத்தை, அகலமான பக்கத்தை, திறந்த கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

தொம்.

“அதுதான்” என்றார் சீடர்.

குருவிடம் ஒரே ஒரு சட்டம். முதலில் வாய், அப்புறம் கை. முதல் பாடத்தை மூன்று வேகத்திலும் வாயால் பிசகாமல் சொல்கிறவரைக்கும் யாரும் மிருதங்கத்தைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து நாளில் தாண்டிப் போகிற பாடம். தா, தீ, தொம், நம். நாலே சொல்.

பொங்கல் கழிந்ததும் சீடர் ஊருக்குப் போகிறார். வேலை முடிந்தது. திரும்பி வர மாட்டார். இடையில் இருப்பது சில ஞாயிறுகள்தான்.

எந்தச் சத்தத்துக்காக வந்தாரோ அந்தச் சத்தம் மட்டும் அவர் வாயில் வரவில்லை.


“அந்தப் பெட்டியைக் காட்டுங்க” என்றார் குரு.

சீடர் கருவியை நீட்டினார். குருவுக்குக் கொரிய எழுத்து தெரியாது. ஆனால் பெட்டி தெரிந்தது.

따 디 □ 남

“தப்பா அடிச்சிருப்பீங்க.”

“இல்லை டீச்சர். சரியாகத்தான் அடித்தேன். உள்ளே தொம் இருக்கிறது. வெளியே இல்லை.”

குரு வாரைக் கீழே வைத்தார்.

“உள்ள இருக்கு, வெளிய இல்லையா?”

சீடர் எழுந்து ஜன்னலருகே போனார். விளிம்பில் படிந்திருந்த மாவில் விரலால் எழுதினார். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று குறி.

ㄸ

ㅗ

ㅁ

“மேலே த். நடுவில் ஒ. அடியில் ம். மூன்றும் ஒரே சதுரத்துக்குள் உட்கார வேண்டும். எங்கள் எழுத்து எல்லாமே இப்படித்தான். இரண்டு மூன்று பேர், ஒரு வீடு.”

“உங்களுக்கு மாடி வீடு. எங்களுக்குக் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம், லைன் வீடு” என்றாள் மெடில்டா.

“கருவிக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள்.”

“கதவு நம்பர் மாதிரி?” என்றார் குரு.

“ஆமாம்.”

“மொத்தம் எத்தனை வீடு?”

“மேலே உட்காரப் பத்தொன்பது பேர். நடுவில் உட்கார இருபத்தொரு பேர். அடியில் உட்கார இருபத்தேழு பேர். ஆனால் சில வீட்டில் அடியில் யாரும் இல்லை. அதையும் ஒன்றாக எண்ணினால் இருபத்தெட்டு.”

“யாரும் இல்லாததையும் எண்ணணுமா?” என்றாள் மெடில்டா.

“எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் கணக்குத் தவறும்.”

“கார்வை” என்றார் குரு.

அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. தாளக் கணக்குப் பழகிய கை.

“மூணையும் பெருக்கினா பதினோராயிரத்து நூத்தி எழுபத்திரண்டு.”

“சரி” என்றார் சீடர். ஆச்சரியப்படவில்லை. மிருதங்கக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“அத்தனையும் பேசுவீங்களா?”

“இல்லை. நிறைய சதுரங்களை யாரும் வாயால் சொன்னதே இல்லை. அவற்றுக்கும் எண் இருக்கிறது.”

“சொல்லாத சத்தத்துக்கும் வீடா?”

“வீடு. கதவு எண். ஆள் மட்டும் இன்னும் வரவில்லை.”

குரு மாவில் இருந்த மூன்று குறிகளையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

“என் தொம் எத்தனாவது வீடு?”

“பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். மேல் வரிசையில் த் நாலாவது. நடு வரிசையில் ஒ எட்டாவது. அடி வரிசையில் ம் பதினாறாவது.”

“திரும்பச் சொல்லுங்க.”

“நாலு. எட்டு. பதினாறு.”

குரு வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பில் யாரும் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

“மெடில்டா, கேட்டியா? முதல் காலம், ரெண்டாம் காலம், மூணாம் காலம்! ஒரே அளவு நேரத்துக்குள்ள முதல்ல நாலு சொல்லு, அப்புறம் எட்டு, அப்புறம் பதினாறு. இதைத்தானே மூணு மாசமா கத்திக்கிட்டிருக்கேன்? வீட்டு நம்பர்லயே பாடம் எழுதி வெச்சிருக்காங்களே!”

சீடரும் அதை அப்போதுதான் கவனித்தார். மாவில் எழுதிய குறிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நம்பர் சரியா இருக்கு” என்றார் குரு. “அப்புறம் ஏன் பெட்டி?”

“எண் இருந்தால் போதாது டீச்சர். அந்த எண்ணுக்கு யாராவது உருவம் வரைய வேண்டும். இந்த எழுத்துருவில் வரையவில்லை.”

“அவ்வளவுதானா?” மெடில்டா கை நீட்டினாள். “குடுங்க சார். வேற எழுத்துரு போட்டுத் தரேன். என் ஃபோன்ல எல்லாம் தொம் நல்லா வருது. ரெண்டு நிமிஷ வேலை.”

சீடர் கருவியை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“இது என் மனைவி வரைந்தது.”


அவர் பெயர் சூன்-ஏ. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எழுத்துரு செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஓர் எழுத்துருவுக்கு இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது சதுரங்கள் போதும். மக்கள் வழக்கமாக எழுதுகிறவை எவை என்று பார்த்துப் பொறுக்கிய பழைய கணக்கு அது. மற்றதெல்லாம் யாருக்கும் வேண்டாம் என்று நினைத்தார்கள்.

சூன்-ஏ அத்தனையையும் கையால் வரைந்தார். ஒவ்வொன்றாக. கடைசிச் சதுரத்தை முடித்த அன்று பேனாவைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தார்.

“இனிமேல் என்னிடம் ஓர் எழுத்துகூடக் கேட்காதே” என்று கணவரிடம் சொன்னார்.

இப்போது ஊரில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறார்.

“நீங்க கேக்கவே இல்லையா?” என்றாள் மெடில்டா.

“கேட்காதே என்றாள். கேட்கவில்லை.”

“எத்தனை வருஷமா?”

“முப்பது.”

“எங்க வீட்டுக்காரர் முப்பது நிமிஷம் தாங்க மாட்டார்.”

சீடர் கருவியின் திரையைச் சட்டை நுனியால் துடைத்தார்.

“இந்த எழுத்தில் படித்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும். வேறு எழுத்தில் படித்தால் யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். யாரோ சொன்னால் எனக்கு மனப்பாடம் ஆகாது.”

குரு வாரை மறுபடி கையில் எடுத்தார்.

“அடுத்த வாரம் வாங்க” என்றார்.


அடுத்த ஞாயிறு சீடர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

“டீச்சர், பெட்டியை ஒழித்துவிட்டேன்.”

திரையைக் காட்டினார்.

따 디 ㄸ ㅗ ㅁ 남

“சதுரத்தைத்தான் அவள் வரையவில்லை. தனித்தனித் துண்டுகளை வரைந்திருக்கிறாள். அதனால் தொம்மை உடைத்து, துண்டு துண்டாக அடித்துவிட்டேன். பெட்டியே இல்லை!”

“சொல்லுங்க.”

குரு தாளம் போட்டார்.

“தா. தீ. த். ஒ. ம். நம்.”

குருவின் கை அந்தரத்தில் நின்றது. நாலு தட்டுக்குள் ஆறு வந்திருந்தது.

“இன்னொரு தரம்.”

“தா. தீ. த். ஒ. ம்...”

“சார், வீட்டு ஆளுங்க மூணு பேரும் தெருவுல நிக்கறாங்க” என்றாள் மெடில்டா.

சீடருக்கும் அது கேட்டது. உதட்டை இறுக்கினார். மூன்றையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். ‘த்தொம்’ மாதிரியும் வராமல், ‘தும்மு’ மாதிரியும் வராமல், இரண்டுக்கும் நடுவில் ஏதோ வந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“சிரிக்காதீங்க” என்றார் குரு. “நம்ம போர்டு மட்டும் என்ன வாழுது?”

கீழே மாடிப்படிக்குப் பக்கத்தில் வகுப்பின் ஃபிளெக்ஸ் பலகை தொங்கியது. அச்சடித்த கடையில் எழுத்து கலைந்து, ‘சொற்கட்டு’ என்பதில் கொம்பு தனியாக, சா தனியாக விழுந்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று சொன்ன கடைக்காரர் இன்னும் மாற்றவில்லை.

“உடைஞ்சாலும் நம்ம ஆளுங்க சேர்த்துப் படிச்சுக்கறாங்க. ஒரே ஒருத்தர்தான் மேல ஏறி வந்து ‘எசாற்கட்டு வகுப்பு இதுதானா’ன்னு கேட்டாராம். யாருன்னு தெரியலை.”

“நான்தான் டீச்சர்” என்றார் சீடர். “முதல் நாள், மெடில்டாவுக்கு முன்னால் ஏறிவிட்டேன்.”

இந்த முறை குருவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீடரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

“டீச்சர், ஒன்று கேட்கட்டுமா?”

“கேளுங்க.”

“எனக்கு இன்னும் சில ஞாயிறுதான் இருக்கிறது. வாய் வராது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தடவை, இடது பக்கம் மட்டும், தட்டிப் பார்க்க விடுங்கள். அதோடு ஊருக்குப் போய்விடுவேன்.”

“முதல்ல வாய்.”

“வாயில் இல்லை டீச்சர்.”

“வாயில இல்லைன்னா, கை எதைத் தட்டும்?”

சீடர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். மெடில்டா குருவைப் பார்த்தாள். ‘பாவம்கா’ என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

“சார்” என்றார் குரு. “கீழ போய் ஒரு கைப்பிடி ரவை வாங்கிட்டு வாங்க.”


சீடர் ரவை வாங்கி வந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

குரு தன் மிருதங்கத்தை மடியில் சாய்த்து, இடது பக்கத்தைத் தட்டினார்.

டப்.

பலகையைத் தட்டின மாதிரி இருந்தது.

“இதுல தொம் இருக்கா?”

“இல்லை.”

“நல்லாப் பாருங்க.”

சீடர் குனிந்து பார்த்தார். இழுத்துக் கட்டிய தோல். நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் எதுவோ வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுந்து போன மாதிரி மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது.

“இடம் இருக்கிறது” என்றார் மெதுவாக.

குரு மிருதங்கத்தைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினார். அதன் நடுவில் கறுப்பாக, கெட்டியாக ஒரு வட்டம்.

“இது செஞ்சவரே போட்டுக் குடுத்தது. அப்படியே இருக்கும்.”

மறுபடி இடது பக்கம் திருப்பினார்.

“இதை அவர் போடலை.”

“மறந்துவிட்டாரா?”

குரு மிருதங்கத்தை இறக்கி வைத்தார். ஒரு கிண்ணத்தில் ரவையைக் கொட்டி, தண்ணீர்ச் செம்பையும் பக்கத்தில் வைத்து, சீடர் பக்கம் தள்ளினார்.

“நானா?”

“வாசிக்கிறவங்கதான் போடணும்.”

சீடர் பிசைந்தார். தண்ணீர் அதிகமாகிவிட்டது. இன்னும் ரவை போட்டார். விரலிடுக்கெல்லாம் ஒட்டியது. சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்ததும் உருட்டி, அந்த மங்கலான வட்டத்தின் மேல் வைத்து, ஈர விரலால் தட்டித் தட்டிப் பரப்பினார். பிரேக் பாகங்களைச் சோதிக்கிற விரல். ஓரம் ஒரே சீராக வந்தது.

“அக்கா! சார் மிருதங்கத்தைத் தொட்டுட்டார்!” என்றாள் மெடில்டா.

“ரவையைத்தான் தொட்டார்” என்றார் குரு.

தட்டினார்.

தொம்.

ஜன்னல் விளிம்பில் மாவு நடுங்கியது. சீடரின் கை தானாக மார்புக்குப் போனது. சட்டையில் ரவை ஒட்டியது.

“ஒரு தடவை போட்டால் எவ்வளவு நாள் இருக்கும் டீச்சர்?”

“நாளா? வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுத்துடணும். அடுத்த தரம் புதுசா.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

சீடர் அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்தார்.

“டீச்சர், ஒரு ஃபோன் பேசலாமா?”

“பேசுங்க.”


ஸ்பீக்கரில் போட்டார். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். மெடில்டா குருவின் காதருகே தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தாள்.

“யோபோ” என்றார் சீடர்.

“கொரியால வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுவாங்க” என்றாள் மெடில்டா.

“ஊறுகாய் முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருக்கிறேன்” என்றது மறுமுனை. “சீக்கிரம் சொல்லு.”

சீடர் குருவைப் பார்த்தார். குரு தட்டினார்.

தொம்.

“என்ன அது?”

“தொம்.”

“சத்தமா, எழுத்தா?”

“இரண்டும். நீ வரையாதது.”

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றது.

“நான் வரையவில்லை என்றால், யாருமே வரையக்கூடாது என்றா சொன்னேன்?”

“கேட்காதே என்று சொன்னாய்.”

“என்னிடம் கேட்காதே என்று சொன்னேன். உனக்குக் கை இல்லையா?”

மெடில்டா இதை மட்டும் இரண்டு தடவை மொழிபெயர்த்தாள்.

“யாரும் சொல்லாத சத்தம் என்றுதான் விட்டுவைத்தேன்” என்றது குரல். “இப்போது நீ சொல்கிறாயே. சரி, மேலே என்ன வைப்பாய்?”

“நீ வரைந்த ‘தொ’வை எடுத்து வைப்பேன்.”

“தொன்னா அவங்க பாஷைல ‘மறுபடியும்’னு அர்த்தம்” என்றாள் மெடில்டா.

“வை. ஆனால் கொஞ்சம் குட்டையாக்கு. கீழே ஆள் வரப்போகிறது, இடம் வேண்டும். அடியில்?”

“‘பொம்’மிலிருந்து ம் எடுப்பேன்.”

“பொம்னா வசந்த காலம்.”

“வசந்தம் வேண்டாம்” என்றது குரல். “அதன் அடி ஒல்லி. நான் இப்போது கேட்டேனே, அந்தச் சத்தம் ஒல்லி இல்லை. ‘கொம்’மிலிருந்து எடு.”

மெடில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி?” என்றார் குரு.

“கொம்னா கரடிக்கா. கரடியோட அடியை எடுத்து வைக்கச் சொல்றாங்க. கரடிக்குத்தான் அடி அகலமாம்.”

குரு மிருதங்கத்தின் இடது பக்கத்தைப் பார்த்தார். அகலமாக, நடுவில் ரவையோடு இருந்தது.

“சரியாத்தான் சொல்றாங்க” என்றார்.

“இன்னும் ஏதாவது?” என்று கேட்டார் சீடர்.

“வரைந்ததும் அனுப்பு. பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.” குழாய் மறுபடி திறந்தது. “கை எரிகிறது. உப்பு. வைக்கிறேன்.”


பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு சீடர் மெதுவாக ஏறி வந்தார். கருவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

따 디 똠 남

குரு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தில், அவர் கணினியில் வரைந்து எழுத்துருவில் சேர்த்த சதுரம் நிறைந்து உட்கார்ந்திருந்தது.

“கரடி எங்க?”

“அடியில்.”

“வீட்டுல என்ன சொன்னாங்க?”

“மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நாலாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை.”

“ஒண்ணும் சொல்லலைன்னா?”

“கார்வை” என்றார் சீடர்.

குரு கருவியைத் தன் பின்னால், சுவரோரம், கவிழ்த்து வைத்தார்.

சீடர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குருவின் கை தொடையில் விழுந்தது. தாளம் தொடங்கிவிட்டது.

நாலு.

“தா. தீ.”

சீடர் கண்ணை மூடினார். அவர் கண்ணுக்குள் என்ன தெரிந்தது என்று யாருக்குத் தெரியும்?

“தொம். நம்.”

குருவின் முகம் மாறவில்லை. கை நிற்கவில்லை.

எட்டு.

“தா தீ தொம் நம், தா தீ தொம் நம்.”

பதினாறு.

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சொற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடின. ஒவ்வொரு தொம்முக்கும் அவர் வாய் அகலத் திறந்து அழகாக மூடியது. ஒரு தட்டுகூடச் சும்மா போகவில்லை.

தாளம் நின்றது.

கீழே மில்லும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

குரு எழுந்து தன் மிருதங்கத்தைத் தூக்கி வந்தார். சீடரின் மடியில் சாய்த்து வைத்தார். அவர் வலது கையை எடுத்து வலது பக்கத்திலும், இடது கையை எடுத்து இடது பக்கத்திலும் வைத்தார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சீடரின் கண் நனைந்திருந்தது. இடது கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார்.

தோல் காய்ந்து, சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

“டீச்சர், ரவை இல்லையே?”

குரு வாரை எடுத்து இறுக்கத் தொடங்கினார். நிமிரவில்லை.

“மில் திறந்துதான் இருக்கு.”